ஐந்து ஊசிகளுக்குப் பொருத்தம் பார்த்த பகல்

எழுபதுகளின் கடைசியில், ஒரு சித்திரை மாதத்தில், ஜவ்வாது மலையில் ஓர் ஊருக்கு அரை மைல் கீழே என் லாரி நின்றுபோனது. நின்றுபோனது என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு பாட்டம் கறுப்புப் புகையைக் கக்கி, நாலு தடவை இருமிவிட்டு, பின்பக்கமாக உருள ஆரம்பித்தது. டிரைவர் பிரேக்கின் மேல் ஏறி நின்றுகொண்டு கத்த, நான் குதித்து ஓடிப் பின் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். என் லாரித் தொழிலில் நான் உருப்படியாகச் செய்த காரியங்களை எழுதினால் அந்தக் கல்தான் முதலில் வரும். இரண்டாவதாக எதை எழுதுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போது எனக்கு முப்பது வயது. லாரிக்கு என்னைவிட ஐந்தாறு வயதுதான் குறைவு. போளூரில் பி.ஏ. முடித்த கையோடு உத்தியோகம் தேடாமல் பழைய லாரி வாங்கியவன் நான் ஒருவன்தான். படித்தவன் லாரி வைத்திருந்தால் என்ன ஆகும்? அவன் லாரியைப் பற்றியும் படிப்பான். வேலூரில் ஒரு பழைய பேப்பர் கடையில் டீசல் என்ஜின் பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. அதை நாவல் படிப்பது போலவே படித்தேன். அதாவது, அலுப்புத் தட்டிய இடங்களைத் தாண்டிவிட்டு.

லாரிக்கு என்ன வியாதி என்று எங்கள் இருவருக்குமே தெரியும். டீசலை என்ஜினுக்குள் பனி மாதிரித் தூவுகிற முனைக்கு நாசில் என்று பெயர். விரல் நீளம்கூட இராது. வெளியே ஓர் உறை, உள்ளே ஓர் ஊசி, அவ்வளவுதான். அதில் கரி பிடித்துவிட்டால் தூவுவதற்குப் பதில் ஒழுகும். ஒழுகினால் புகை வரும், இழுப்பு போய்விடும். பழைய நாசில்களை எத்தனையோ முறை கழுவிப் பார்த்தாகிவிட்டது. இந்தத் தடவை, இன்னும் மெல்லிசாகத் தூவுகிற புது ரகமாக, சிலிண்டருக்கு ஒன்று வீதம் ஆறு வாங்கி வண்டியிலேயே வைத்திருந்தேன். சவாரி முடிந்து போளூர் போனதும் மாட்டுவதாகத் திட்டம். லாரி அதற்குச் சம்மதிக்கவில்லை.

மேலே பாறையில் புளி காத்திருந்தது. ஐந்து சின்ன ஊர்க்காரர்கள் உலுக்கி, ஓடு நீக்கி, மூட்டைகளாகவும் குவியலாகவும் போட்டிருந்த புளி. இரண்டு நாள் முன்பே வருகிறேன் என்று நான் சொல்லியனுப்பியிருந்தேன். வரவில்லை. இப்போது ஒடுகத்தூர்ப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

லாரி நின்ற சத்தம் கேட்டு மேலிருந்து பத்துப் பேர் இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தது என் வயதுள்ள ஓர் அம்மாள். அந்தக் குவியலில் பாதி அவர் வீட்டு மரங்களுடையது என்று பிறகு தெரிந்தது.

"இன்னாணா, வண்டி தூங்கிச்சா?" என்றார்.

தார்ப்பாயை மேலே அனுப்பி மூடி வைத்தால் ஆகாதா என்று கேட்டேன்.

"மேல மூடுவீங்க. பாறையில ஓடியாற தண்ணிக்கு அடியில எதப் போடுவீங்க? நனைஞ்சா கறுத்துப் பூடும்ணா. அப்பறம் அத மாடுகூட மோந்து பாக்காது. வூட்டுக்குள்ள கொட்டலாம்னா நாங்க வெளிய படுக்கணும்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் மட்டும் வானத்தை விட்டு அகலவில்லை.

டிரைவர் வேலையில் வீரர். அரை மணி நேரத்தில் பழைய நாசில்களை எல்லாம் கழற்றிவிட்டார். இரண்டில் ஊசி இறுகிப்போய் அசையவே இல்லை. புதுப் பொட்டலங்களைச் சாக்கின் மேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "மொதலாளி, ஓடையில தண்ணி மொண்டுகிட்டு வந்துர்றேன், ரேடியேட்டரு காஞ்சி கெடக்குது. வந்து ஒவ்வொண்ணா மாட்டலாம். நீங்க ஒண்ணுத்தையும் தொட வாணாம்" என்றார்.

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

புது நாசில்கள் துருப் பிடிக்காமலிருக்கக் கிரீஸ் பூசி வரும். அதைச் சுத்தமாகக் கழுவ வேண்டும் என்று புத்தகம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. டிரைவர் வருவதற்குள் கழுவி வைத்தால் கால் மணி நேரம் மிச்சம். அந்த அம்மாளிடம் ஓர் அலுமினியக் குண்டான் வாங்கினேன், டீசலை ஊற்றினேன், பொட்டலங்களைப் பிரித்தேன். கழுவியதோடு விட்டேனா? வாசக சாலைகளில் வளர்ந்தவன் அல்லவா! ஊசிகளை எல்லாம் உருவி ஒரு வரிசை. உறைகளை எல்லாம் நிமிர்த்தி இன்னொரு வரிசை. இனம் இனமாக, அலமாரியில் புத்தகம் அடுக்கியது போல, பார்க்கவே அழகாக இருந்தது. ஐந்து முடித்து ஆறாவது பொட்டலத்தில் கை வைத்தபோது டிரைவர் தண்ணீர்க் குடத்தோடு வந்தார்.

குடத்தை இறக்கி வைத்தார். இரண்டு வரிசைகளையும் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னா மொதலாளி பண்ணி வச்சிருக்கீங்க?"

"சுத்தமா அடுக்கி வச்சிருக்கேன்."

"ஜோடியப் பிரிச்சிட்டீங்களே! இந்த ஊசிக்கு இந்த ஒறைன்னு கம்பெனியில இழைச்சி அனுப்பறான். ஒண்ணோட ஊசி இன்னொண்ணுல ஒத்துக்காது. எது எதோடதுன்னு இனிமே எவன் கண்டான்?"

நான் புத்தகத்தைப் புரட்டினேன். கழுவுவது பற்றிய பக்கம் இருந்தது. அதற்கு அடுத்த பக்கத்தின் முதல் வரியே, எக்காரணம் கொண்டும் ஊசிகளை மாற்றிவிடாதீர்கள் என்று தடித்த எழுத்தில் இருந்தது. நான் தாண்டிவிட்ட இடங்களில் அதுவும் ஒன்று.

"இன்னாவாம்?" என்று அந்த அம்மாள் டிரைவரைக் கேட்டார்.

"அஞ்சி பொண்ணு, அஞ்சி மாப்ள. மொதலாளி எல்லாத்தையும் கலைச்சி வுட்டுட்டாரு."

கூட்டம் சிரித்தது. அம்மாள் சிரிக்கவில்லை. "கலைஞ்சா இன்னா? பொருத்தம் பாத்துச் சேத்துட்டாப் போவுது" என்றார்.

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் அதே பக்கத்தின் கீழே பொருத்தம் பார்க்கும் முறையும் எழுதியிருந்தது! நான் கிட்டத்தட்டக் கூவிவிட்டேன். ஊசியைச் சுத்தமான டீசலில் நனைத்து உறைக்குள் விட வேண்டும். மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து, உறையைச் சாய்த்துப் பிடித்து, ஊசியை விட்டுவிட வேண்டும். அது தன் கனத்திலேயே, சிக்காமல், மெதுவாக இறங்கிப் போய் உட்கார வேண்டும்.

"மெதுவான்னா எவ்ளோ மெதுவா?" என்று அம்மாள் கேட்டார்.

புத்தகம் அதைச் சொல்லவில்லை. நானூறு பக்கத்தில் அதற்கு இடமில்லை போலிருக்கிறது.

டிரைவர்தான் பிரிக்காத ஆறாவது பொட்டலத்தைக் காட்டினார். அதில் ஜோடி மாறாமல் இருந்தது. பில்டரைத் தாண்டி வருகிற டீசலாகப் பார்த்துப் பிடித்து அதைக் கழுவினார். ஊசியின் வாலை மட்டும் நகத்தால் இழுத்து, சாய்த்து, விட்டார்.

"லாபம்..." என்றார் அம்மாள்.

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு நஷ்டத்தில் நிற்கும்போது இது என்ன குத்தல் என்று நிமிர்ந்தேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. "ரெண்டு... மூணு" என்றார். மூணில் ஊசி 'டிக்' என்று உட்கார்ந்தது. அப்போதுதான் புரிந்தது. அவர் எண்ணுகிறார். களத்தில் சாமையைப் படியில் அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்பார்களே, அந்த எண்ணிக்கை. ஆயிரம் படி அளந்தாலும் வேகம் மாறாத எண்ணிக்கை. அங்கே யார் கையிலும் கடிகாரம் இல்லை, தேவையும் இருக்கவில்லை.

"மூணுல ஒக்காந்தா ஜோடி. சரிதானேண்ணா? எடுங்க அடுத்தத" என்றார்.

எனக்கு அதன் பிறகு நடந்ததைச் சொல்ல இப்போதும் படபடக்கிறது. டிரைவர் ஊசியை விடுவார். அம்மாள் எண்ணுவார். நான் நோட்டில் குறிப்பேன். ஜோடி சேர்ந்தால் சரி என்று சொல்வதும் என் வேலை. படித்தவனுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே. முதல் ஊசி முதல் உறையில் 'லா' என்பதற்குள் தொப்பென்று விழுந்தது. "வேலைவெட்டி இல்லாத மாப்ள, ஓடியாந்து ஒக்காந்துட்டான்" என்றார் ஒரு பெரியவர். இரண்டாவது உறையில் பாதியிலேயே நின்றுவிட்டது. "இவன் சீர் பத்தலைன்றான்." நான்காவது உறையில் வழுக்கிக்கொண்டு இறங்கி, சொல்லிவைத்தாற்போல் மூணில் 'டிக்'! கூட்டம் ஓவென்று கத்தியது. என் வாழ்க்கையில் இவ்வளவு சின்னச் சத்தத்துக்கு இவ்வளவு பெரிய சந்தோஷம் அதற்கு முன் வந்ததில்லை.

இரண்டாவது ஜோடி சேர்ந்தது. மூன்றாவது ஊசி இறங்கிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் முதல் இடி உருண்டது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். ஊசி உட்கார்ந்தது. நான் "சரி, சரி, அடுத்தது" என்றேன். நான்காவது ஜோடியும் சேர்ந்தது. மிச்சம் ஓர் ஊசி, ஓர் உறை. இனிப் பார்க்க என்ன இருக்கிறது? நான் நோட்டை மூடினேன்.

டிரைவர் பழக்கத்தில் அதையும் சாய்த்து விட்டார். லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. ஊசி நடு வழியில் சிக்கி நின்றது. திருப்பிப் பார்த்தார், மறுபடி கழுவிப் பார்த்தார். அசையவில்லை.

காற்றில் மண் வாசனை வந்துவிட்டது. கம்பெனியிலேயே ஒன்று கெட்டு வந்திருக்கும், அஞ்சு சிலிண்டரில் ஏறிப் பார்ப்போம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"கெட்டுப்போவல" என்றார் அம்மாள். "மூணாவது சேத்தது தப்பு. நான் மூணு சொல்லி முடிக்கல, அதுக்குள்ள ஒக்காந்துச்சு. நீங்க சரின்னீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"இடிய அண்ணாந்து பாத்தேன். படிச்சவரு சரின்றாரேன்னு வுட்டுட்டேன். அது என் தப்புதாணா. பிரிச்சி மாத்துங்க."

மழை வரச் சில நிமிஷங்களே இருந்தன. புளி நனைந்தால் நஷ்டத்தில் பாதி அவருடையது. அவர் குந்தி உட்கார்ந்துகொண்டு, குரலில் கொஞ்சம்கூட அவசரம் இல்லாமல், மறுபடி லாபத்திலிருந்து ஆரம்பித்தார். மூன்றாவது உறையில் ஐந்தாவது ஊசி: மூணில் 'டிக்'. ஐந்தாவது உறையில் மூன்றாவது ஊசி: மூணில் 'டிக்'. டிரைவர் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார்.

ஆறையும் மாட்டி, கைப் பம்பை அடித்துக் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றி, செல்ப் எடுத்தோம். இரண்டு முறை முனகியது. மூன்றாவது முறை பிடித்தது பாருங்கள்! அது என் லாரியின் சத்தமே இல்லை. ஆறு சிலிண்டரும் ஒரே வாயால் பேசின. புகையைத் தேடி நான் பின்னால் ஓடினேன், இல்லை. கல்லை எடுக்கச் சொல்லிக் கத்தினார் டிரைவர். எடுத்தேன். லாரி ஓர் அங்குலம்கூடப் பின்னால் வராமல் முன்னால் எழும்பியது. முதல் கியரில் செத்துக் கிடந்த வண்டி பாதி ஏற்றத்தில் இரண்டாவது கியரைக் கேட்டு வாங்கிக்கொண்டது. கூட்டம் மொத்தமும் கூடவே ஓடி வந்தது. நானும் ஓடினேன், என்னை ஏற்றிக்கொள்ள ஒருவருக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை.

பாறையில் புளியை அள்ளிப் போட்ட வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். தார்ப்பாயின் கடைசி முடிச்சுக்கு முன் மழை கொட்டிவிட்டது. நாலு மூட்டை நனைந்தது. மற்றதெல்லாம் காய்ந்தபடியே மலை இறங்கியது.

லாரி மழையை முந்தியது என்று டிரைவர் ரொம்ப நாள் போளூரில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுத்ததில்லை. ஆனால் இன்றும் ஒரு காரியத்தை முடித்துவிட்டு எழுந்திருக்கும் அவசரத்தில் ஏறக்குறைய ஒத்துப்போவதைச் சரி என்று சொல்ல நாக்கு முந்தும்போதெல்லாம், தன் ஒரு வருஷத்துப் பாடு நனையப்போகிற நேரத்தில் "என் தப்புதான், பிரிங்க" என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து எண்ண உட்கார்ந்த அந்த அம்மாள் எதிரே குந்தியிருப்பது போலத் தோன்றி, நான் மறுபடி உட்கார்ந்துவிடுகிறேன்.