ஐந்தரைக் கட்டை

கனகா கதவைச் சாத்துகிறார். மூன்று ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகச் சாத்துகிறார். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இப்பக் கத்துங்க சாமி. ஒரே நிமிசம். மிச்சம் வெக்காமக் கத்தி முடிச்சிருங்க, அப்பறம் பாடலாம்" என்கிறார். மூன்றாம் வகுப்பின் நாற்பது குழந்தைகளும், வேறெந்தக் கட்டளைக்கும் காட்டாத பணிவோடு, அக்கட்டளையை நிறைவேற்றுகின்றனர். அடுத்த அறையில் கணக்குக் கற்பிக்கும் ரவிக்குமார் அந்த ஒரு நிமிடம் வகுத்தலை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிப்பார். முதலாண்டு அவர் புகார் எழுதினார். இரண்டாமாண்டு பெரிய தண்ணீர்ப் புட்டி வாங்கினார். நிமிடம் முடிந்ததும் "ஸாக்கு!" என்று கன்னடத்தில் ஒரு சொல். போதும் என்றால் போதும், அறை அடங்கிவிடும்.

கனகா, மைசூரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் தொடக்கப் பள்ளியின் பாட்டு ஆசிரியை. பிறந்தது கர்நாடக எல்லையில் தமிழ் பேசும் ஊரான மார்டள்ளி; வாழ்க்கைப்பட்டது ஸ்ரீரங்கப்பட்டணம். பாடத்தைக் கன்னடத்தில் நடத்துவார். கோபத்தையும் கொஞ்சலையும் மட்டும் தமிழில் வைத்திருக்கிறார். குழந்தைகளில் பாதிப்பேருக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் திட்டு யாருக்கு என்பதில் இதுவரை ஐயம் எழுந்ததில்லை.

பள்ளியில் 'இசை அறை' என்று பலகை எழுதிய அறை ஒன்று உண்டு. அதற்குள் காற்றுப்போன பந்துகளும், வளையங்களும், கால் உடைந்த பரிசளிப்பு மேடையும் குடியிருக்கின்றன. ஆகவே கனகா வகுப்பு வகுப்பாகச் சென்று பாடம் நடத்துகிறார். அவருடைய கைப்பையில் சிறிய மின் சுருதிப்பெட்டி ஒன்றும், கைக்குட்டைகள் பன்னிரண்டும் இருக்கும். கைக்குட்டைகள் குழந்தைகளுக்கு. "மூக்கு அடைச்சிருந்தா மத்திமம் வராதுங்க. சிந்துனாத்தான் சங்கீதம்" என்பது அவர் கொள்கை. தாளம் போடும்போது குழந்தைகள் தம் தொடையில் தட்டவேண்டும் என்பது மரபு. அடுத்தவர் தொடையில் தட்டுவது கௌஸ்துபின் மரபு. "கண்ணு, உனக்குன்னு சாமி ரெண்டு தொடை குடுத்திருக்குதல்லோ? ஹ்ருஷிகேஷ் தொடை எதுக்கு?"

தம் குரலைப் பற்றி அவருக்கு மயக்கம் இல்லை. "எனக்குக் கச்சேரிக் குரல் இல்லீங்க. நாப்பது பேரு கத்தறப்பக் கேக்கற குரல் இருக்குது. இந்த உத்தியோகத்துக்கு அதுதானுங்க வேணும்."

சுருதி பிடிக்கும் முறைதான் விசித்திரமானது. முதலில் பெட்டியைத் திருகிவிட்டு அதற்குக் குழந்தைகளை இழுக்கமாட்டார். "மைதானத்துல விழுந்துட்டீங்க. அம்மா கேட்டுப் பக்கத்துல நிக்கறாங்க. கூப்புடுங்க!" என்பார். நாற்பது 'அம்மா'க்கள் கிளம்பும். அவற்றின் நடுவே ஓரிடத்தைக் காதால் பொறுக்கி, அங்கே பெட்டியைத் திருகி நிறுத்துவார். கட்டை ஏற ஏறச் சுருதி உயரும்; ஆண்கள் ஒரு கட்டையில் பாடுவார்கள். இக்குழந்தைகளின் 'அம்மா' பெரும்பாலும் ஐந்தரைக் கட்டையில் விழுகிறது. "அம்மாவக் கூப்புடற சுருதிதானுங்க பிள்ளைங்க சுருதி. அதுக்குக் கீழ எறக்குனா அவங்க பாடறதில்லை, நம்ம பாட்டைச் சுமக்கறாங்க."

இவ்வளவு தெளிவாகப் பேசும் கனகா, ஒரே ஒரு பாட்டை மட்டும் ஆறாண்டுகளாக ஒரு கட்டையில் சுமக்கவைத்தார். அது பள்ளிப் பாட்டு. இயற்றியவரும் மெட்டமைத்தவரும், அனுமதித்தவரும்கூட, செயலாளர் திருநாராயணனே. வங்கியில் ஓய்வு பெற்றவர். ஆழ்கிணறு போன்ற குரல். பன்னிரண்டு அடிகளில் நான்கு அடிகள் அறங்காவலர் எழுவரின் பெயர்களுக்கே போய்விடும். கடைசி அடி கீழ்ப்பஞ்சமத்துக்கு இறங்கும். அவருடைய சுருதியில் அங்கே குழந்தைகளுக்குக் குரலே கிடையாது; வெறும் காற்றுத்தான் வரும். ஆண்டுதோறும் அந்த இடத்தில் நாற்பது பெருமூச்சுகள் கேட்கும். செயலாளர் கண்களை மூடிக்கொண்டு, "பாருங்கோ, கொழந்தைகளுக்கு எத்தனை பக்தி!" என்பார்.

கனகாவின் வேலை நிரந்தரமானதன்று. ஒவ்வோர் ஆண்டு விழாவும் முடிந்தபிறகு செயலாளர் கையெழுத்திட்டால் அடுத்த ஓராண்டுக்கு உண்டு. இவருக்கு முன்பிருந்த ஆசிரியை அந்தப் பாட்டை அரைக் கட்டை உயர்த்தினார். அவ்வாண்டு கையெழுத்து விழவில்லை. ஓராண்டு முழுதும் பாட்டுப் பாடவேளைகளில் ரவிக்குமார் வகுத்தல் நடத்தினார்.

இவ்வாண்டு ஒத்திகையின்போது ப்ரார்த்தனா என்னும் சிறுமி கையைத் தூக்கினாள். தமிழ் வீட்டுக் குழந்தை. "மிஸ், அந்த லாஸ்ட் லைன்ல நாங்க பாடணுமா, இல்ல சும்மா வாய் தெறக்கணுமா?"

அப்பள்ளி நூலகத்தில் வாரம் இருநாள் புத்தகங்களுக்கு அட்டை போடச் செல்லும் என்னிடம் கனகா அதை அன்றே சொன்னார். "கிண்டல் இல்லீங்கம்மா. நெசமாவே தெரிஞ்சுக்கக் கேக்குது. ஆறு வருசமாப் பாட்டு டீச்சர்னு சம்பளம் வாங்கறேன், வெக்கமாப் போச்சு."

மறுநாள் செயலாளரின் அறைக்குச் சென்றார். கதவு திறந்தே இருந்ததால், உரையாடல் நூலகம்வரை வந்தது.

"அஞ்சரைக்கு வெச்சாப் பிள்ளைங்களுக்குச் சுலபமா வருமுங்க சார்."

"அஞ்சரையா? நாடகக் கம்பெனியா நடத்தறோம்? சுருதி ஏறித்துன்னா கௌரவம் போயிடும், கனகா. ஸ்வல்ப யோசனை பண்ணு."

"பிள்ளைங்களுக்கு அந்தக் குரல் இல்லீங்களே சார்."

"வரும், வரும். நேக்கு வரலையா? பாடிக் காட்டறேன், கேளு."

பாடிக் காட்டினார். காப்பி கொண்டுவந்த ஆயா கௌரம்மா வாசலிலேயே டம்ளரை வைத்துவிட்டு நடையைக் கட்டினார். கடைசி அடி தரைக்குள் இறங்கி முடிந்ததும் செயலாளர் சொன்னார்: "உன் ஆர்டர் மேஜைமேலதான் இருக்கு. ஃபங்ஷன் ஆகட்டும்."

விழா நாள் வந்தது. நாற்பது குழந்தைகளும் மூன்று வரிசையாக மேடையில் நின்றனர். ஒலிவாங்கி முதல் வரிசையின் வாய்க்கு நேராக இருந்தது. கனகா பெட்டியைத் திருகினார், ஐந்தரையில் நிறுத்தினார். குழந்தைகள் தொடங்கினர். கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்த பெற்றோர், இதுவரை கேட்டிராத ஏதோ கேட்பதுபோல் திரையிலிருந்து கண்ணை எடுத்து மேடையைப் பார்த்தனர். அறங்காவலர்களின் பெயர்கள்கூடக் காதுக்கு இனிமையாக இருந்தன. அதைச் செய்யக்கூடிய சுருதி ஐந்தரை ஒன்றுதான்.

எட்டாம் அடியில் செயலாளர் மேடையேறினார். கடைசி அடிகளைக் குழந்தைகளோடு சேர்ந்து பாடுவது அவருடைய வழக்கம். கனகாவைக் கடக்கும்போது, சிரித்த முகம் மாறாமல், "ஒண்ணுக்கு வை" என்றார்.

"இருக்கட்டுங்க சார்."

"ஆர்டர் ஞாபகம் இருக்கோல்லியோ?"

"இருக்குதுங்க சார்."

அவர் ஒலிவாங்கித் தண்டின் திருகைத் தளர்த்தி, அதைத் தம் உயரத்துக்குத் தூக்கி முடுக்கிக்கொண்டார். தம் சுருதியில் தொடங்கினார். ஒலிபெருக்கியில் குழந்தைகள் மறைந்தனர். கிணறு மட்டும் பேசியது. நடு வரிசை தடுமாறியது. இரண்டு குழந்தைகள் நிறுத்திவிட்டனர். ப்ரார்த்தனா வாயைத் திறந்தபடி கனகாவைப் பார்த்தாள். இன்னும் ஓர் அடிதான் மீதி.

கனகா மேடையோரத்திலிருந்து நடந்து நடுவுக்கு வந்தார். "ஒரு நிமிசம் தள்ளிக்குங்க சார்" என்று பணிவாகச் சொன்னார். திருகைத் தளர்த்தி, ஒலிவாங்கியைச் செயலாளரின் வாயிலிருந்து மார்புக்கும், மார்பிலிருந்து வேட்டி முடிச்சுக்கும் இறக்கி, முதல் வரிசைக் குழந்தைகளின் வாய்க்கு நேராக நிறுத்தி, யாரும் எளிதில் கழற்ற முடியாதபடி இரண்டு கையாலும் இறுக்கித் திருகினார்.