பீப் சத்தம் வராத ஆபரேஷன் தியேட்டர்

எழுதி எழுதி மூன்று முறை அழித்துவிட்டேன். உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னியுங்கள்...

புதுப் பெயின்ட் வாசனை. மேலூர் ரோட்டில் அப்போது திறக்காத ஒரு ஆஸ்பத்திரி. எலெக்ட்ரிகல் கான்ட்ராக்டரிடம் நான் டிரெய்னியாகச் சேர்ந்து இரண்டாவது மாதம். எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள். ஆனால் சைட்டில் வாய் திறக்கவே பயம்.

எந்தப் பிளக் பாயின்ட்டுக்கு எந்தப் பிரேக்கர் சுவிட்ச் என்று கண்டுபிடிக்க டிரேசர் என்று ஒரு கருவி உண்டு. பெட்டி ஒன்று வயரில் சிக்னல் அனுப்பும். கையில் பிடித்திருக்கும் இன்னொரு பகுதி சரியான இடத்தில் பீப் பீப் என்று கத்தும். எலெக்ட்ரீஷியன் சிக்கந்தர் அண்ணன் அதை ஆரப்பாளையத்திலிருந்து பைக்கில் கொண்டுவந்தார். அன்று ஆபரேஷன் தியேட்டருக்கு மட்டும்தான் சப்ளை வந்திருந்தது.

கருவி கத்தவே இல்லை.

"நேத்து பரவை சைட்ல கத்துன மெஷின்யா! எங்க கீழ போட்ட?" என்றார் சூப்பர்வைசர்.

"போடலண்ணே."

"அப்ப அதுவா கோவிச்சுக்கிருச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிக்கந்தர் அண்ணனும் சிரிக்கப் பார்த்தார். பிறகு மெதுவாக, "வார வழியில ஒரு பள்ளத்துல வண்டி தூக்கிப் போட்டுச்சுண்ணே... அதுல போயிருக்குமோ என்னமோ" என்றார்.

செய்யாத தப்பை அவரே தேடி எடுத்துக் கொடுத்தார்.

எனக்குக் காரணம் தெரியும். முந்தின நாள்தான் ஆபீசில் இருந்த அந்தக் கருவியின் விளக்கப் புத்தகத்தைப் படித்திருந்தேன். தியேட்டர் சப்ளை தனி டிரான்ஸ்ஃபார்மரில் வருவது. எர்த்தோடு அதற்குத் தொடர்பே கிடையாது. பெட்டியின் ஒரு முனையை எர்த்தில் மாட்டினால் சிக்னல் திரும்பி வர வழியில்லை. அந்த முனையை அதே சப்ளையின் இன்னொரு வயரில் மாட்ட வேண்டும். அவ்வளவுதான்.

தொண்டை வரை வந்தது... தப்பாகிவிட்டால் என்னையும் பார்த்துச் சிரிப்பார்களே என்று நின்றுவிட்டேன்.

"இனிமே டூல்ஸ தொடாத. பைப் பதிக்கிற வேலைய மட்டும் பாரு" என்று சிக்கந்தர் அண்ணனிடம் சொல்லிவிட்டார் சூப்பர்வைசர்.

மறுநாள் சிக்கந்தர் அண்ணன் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை.

அவர் வராத அந்த முதல் நாள் காலை ஆளில்லாத நேரத்தில் முனையை மாற்றி மாட்டினேன். கத்தியது. சூப்பர்வைசரிடம் சொன்னேன். "அப்படியாம்மா? சரி, லேபிள் ஒட்டு" என்றார்.

சிக்கந்தர் அண்ணன் நம்பர் என் போனில் இருந்தது. இன்று, நாளை என்று தள்ளிப்போட்டேன். ஒருநாள் கூப்பிட்டபோது அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை.

இப்போது என்னோடு ஆறு பேர் வேலை செய்கிறார்கள். கருவி கத்தாவிட்டால் முதலில் சப்ளையைப் பார்க்கச் சொல்கிறேன், நன்றாகச் சத்தமாகவே.

ஒன்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். இடது கையால் டெஸ்டர் பிடிக்கும் சிக்கந்தர் அண்ணனை யாருக்காவது தெரிந்தால், இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அந்த மெஷினுக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பது அவருக்கு இன்னும் தெரியாது.