சவரிமுத்து செட் பிளேட்டின் இரண்டாம் பக்கம்

இசைத்தட்டுக் கடையில் நிற்கிறவன் நாள் பூராவும் பாட்டுக் கேட்பான், ஒன்றையும் முழுசாகக் கேட்க மாட்டான். வாங்க வந்தவர் கையைக் காட்டினால் முள்ளைத் தூக்க வேண்டும். அவர் தலையாட்டினால் நாமும் ஆட்ட வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் நின்று சோறு தின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், என் கால்வலி அவர்களுக்குத் தனியாகச் சொல்லாமலே புரியும்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் நின்றது திண்டுக்கல் மேற்கு ரத வீதியில் ஒரு கடை. அப்போது எங்கள் ஊர் சவரிமுத்து அண்ணனின் பேண்டு செட்டுக்குச் சுத்துப்பட்டு முழுக்க ரசிகர்கள். கல்யாணம், தேர், சாவு எதுவானாலும் முன்னால் அவருடைய கிளாரினெட் போக வேண்டும். சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் கேள்விப்பட்டு, பிளேட்டு, அதாவது இசைத்தட்டு, போடக் கூப்பிட்டார். ஒரு பக்கத்துக்குக் காலங்காலமாக வரும் கல்யாண ஊர்வல மெட்டை ஒரே மூச்சில் வாசித்துவிட்டார்கள். மறுபக்கத்துக்கு ஒரு சினிமாப் பாட்டை ஆரம்பித்ததும் கம்பெனிக்காரர் நிறுத்திவிட்டார், அது வேறு கம்பெனியின் சொத்தாம். யோசித்துப் பார்த்தால் செட்டுக்காரர்கள் வாசித்த மற்றதெல்லாம் அடுத்தவர் பாட்டு. சொந்தம் என்று மிச்சமிருந்தது ஒரே ஒரு மெட்டு. சவரிமுத்து அண்ணனின் பெண் குழந்தை இறந்தபோது அதன் முன்னால் நடந்துகொண்டே அவர் கட்டிய மெட்டு அது. அதற்கப்புறம் ஊரில் எந்தச் சாவானாலும் அதுதான். சென்னைக்காரருக்கு இந்தக் கதை தெரியாது, கேட்டு உருகிப் போய்ப் பதிந்துவிட்டார். லேபிளில் இரண்டு பக்கமும் ‘கிளாரினெட் இசை’ என்று மட்டும் அச்சடித்திருந்தார்கள்.

இது நன்றாக விற்றால் அடுத்த பிளேட்டுக்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லியனுப்பியிருந்தார் அவர். அண்ணனுக்கோ நெஞ்சு நோய். ஊதுவதெல்லாம் இந்த வருஷத்தோடு சரி என்று டாக்டர் கையை விரித்திருந்தார். மனசுக்குள் இன்னும் வெளியே வாசிக்காத மெட்டு எத்தனையோ வைத்திருந்தார் மனுஷன், மூச்சு இருக்கும்போதே அவற்றைப் பதிந்துவிட வேண்டும் என்ற ஒரே ஆசை. எங்கள் கடைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சாயங்காலமானால் வந்து, “என்னப்பா சொன்னாக?” என்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதைப் போலக் கஷ்டமான வேலையை நான் அந்தக் கடையில் பார்த்ததில்லை.

செருப்பைக் கழற்றியவர்

முதலில் கேட்டவர் வெங்காய மண்டிக்காரர். முதல் பக்கத்துக்கு விரலால் கவுண்டரில் தாளம் போட்டார். “நம்ம ஊரு ஆளு மெட்ராஸ் போயி வாசிச்சிருக்கான் பாருய்யா” என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டார். நானும் உற்சாகமாகப் பிளேட்டைத் திருப்பி வைத்தேன்.

நாலு சுற்றுக்கூடப் போயிருக்காது. தாளம் போட்ட விரல் நின்றது. மனுஷன் ஸ்டூலை விட்டு எழுந்து, செருப்பைக் கழற்றி, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். சாவு ஊர்வலம் போனால் எங்கள் ஊரில் அப்படித்தான் நிற்பார்கள். முடியும்வரை நின்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், செருப்பை மாட்டினார். கட்டிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

“எங்க அப்பாரைத் தூக்கிட்டுப் போறப்பக் கேட்டது, அப்பிடியே வாசிச்சிருக்கான். ஆனா இதை வீட்டுக்குள்ள கொண்டுக்கிட்டுப் போனா எங்க ஆத்தா என்னையத் தெருவுல நிப்பாட்டிப்புடும்.”

நின்ற தறிகள்

சின்னாளப்பட்டியிலிருந்து ஒரு தறிக்காரர் வந்தார். அவசரத்தில் முதல் பக்கத்தை மட்டும் கேட்டு வாங்கிப் போனார். தறிக்கூடத்தில் கிராமபோன் வைத்திருந்தார், வேலை ஓட்டமாக நடக்குமாம். அப்பாடா, ஒன்று போணியாகிவிட்டது என்று நான் எதிர் பெஞ்சைப் பார்த்துக் கையாட்டினேன். அண்ணன் அன்றைக்கு ஒரு டீ அதிகமாகக் குடித்தார்.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே தறிக்காரர் பிளேட்டோடு நின்றார். திருப்பிப் போட்டிருக்கிறார். ஒரு தறி நின்றதாம், அப்புறம் பக்கத்துத் தறி, அப்புறம் எல்லாத் தறியும். நூல் சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு, அவரவர் வீட்டில் போனவர்கள் பேரைச் சொல்லி அழ ஆரம்பித்துவிட்டார்கள். ராகம் கூட்டி ஒப்பாரி வைத்தபிறகு யார் நெய்வது? உச்சிப்பொழுதுவரை ஒரு முழம் துணி ஏறவில்லையாம். பிளேட்டு நன்றாக இல்லையா என்று நான் முறைப்பாகக் கேட்டேன்.

“நல்லாயில்லைன்னு நான் சொல்லலையே. நல்லாயிருக்கிறதுதான் தொந்தரவு, இதை எடுத்துக்கிட்டுச் சுமாரா ஒண்ணு குடுங்க.”

தினம் வந்த ரசிகர்

பூட்டுப் பட்டறைக்காரர் ஒருவர். கையெல்லாம் அரத்தூள். பட்டறை விட்டதும் நேராக எங்கள் கடைக்கு வந்து, “அந்த ரெண்டாவது பக்கம்” என்பார். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்பார். போய்விடுவார். வாங்காமல் கேட்டே தீர்க்கும் ஆசாமிகள் உங்கள் கடைக்கும் வந்திருப்பார்கள். எங்கள் முதலாளிக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. முள் தேய்கிறது என்று பல்லைக் கடிப்பார்.

கடைசியில் முதலாளி சொல்லித்தான் நான் கேட்டேன், வாங்கிக்கொண்டு போய் வீட்டில் ஆற அமரக் கேட்கலாமே என்று. அவர் கோபப்படவில்லை. அவருக்குப் பெண்டாட்டி போய்ச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஏன் கேட்டோம் என்றாகிவிட்டது.

“சமாதியப் பாக்க நாமதான் தம்பி போகணும், வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தா வளர்ற பிள்ளைக என்ன செய்யும்?”

நெய்க்காரப்பட்டி முகூர்த்தம்

நெய்க்காரப்பட்டியில் மைக் செட் வைத்திருந்தவர் வாங்கிப் போனார். கல்யாண வீட்டில் முதல் பக்கத்தைக் குழாய் ஸ்பீக்கரில் போட, ஊரே சொக்கிப் போயிருக்கிறது. தாலி கட்டும் நேரத்தில் அவசரமாக மறுபடி வைத்தவர், பக்கத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டார். லேபிள்தான் இரண்டும் ஒன்றாயிற்றே. திண்டுக்கல் சம்பந்திக்காரர்கள் மொத்தப் பேரும் பந்தலில் எழுந்து நின்றுவிட்டார்களாம். அவர்கள் சொல்லித்தான் உள்ளூர்க்காரர்களுக்கு விஷயம் தெரிந்தது.

வீங்கின கன்னத்தோடும் உடைந்த பிளேட்டோடும் மைக் செட்காரர் வந்து நின்றார். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை. அந்தக் கல்யாணப் பெண் அன்றைக்கு எப்படித் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாளோ. யார் அடித்தார்கள் என்று கேட்டேன்.

“பொண்ணோட அப்பாருங்க. ஆனா ஏனுங்க, பாட்டு முடியற மட்டும் நின்னு கேட்டுப்போட்டுத்தானுங்க அடிச்சாரு.”

ஆணி

இந்தச் சேதி பரவினபின் முதல் பக்கத்தைக் கேட்கவும் ஆள் வரவில்லை. கம்பெனி அச்சடித்தது முழுக்க எங்கள் கடைக்குத்தான் வந்திருந்தது, பிளேட்டுகள் அலமாரியில் அடுக்கியபடி இருந்தன. முதலாளி ஒரு யோசனை சொன்னார். இரண்டாம் பக்கத்தை ஆணியால் கீறிவிட்டால் ஒற்றைப் பக்கப் பிளேட்டாக விற்றுவிடலாம். யாரும் பயப்பட வேண்டியதில்லை. அதை அண்ணனிடம் சொல்லும் பொறுப்பு, வழக்கம்போல, என் தலையில் விழுந்தது.

அந்த மெட்டை வேறு யாருக்கும் அவர் சொல்லிக் கொடுத்ததில்லை. செட்டில் இருந்த டிரம்பெட்காரர் முயன்று பார்த்தார், அண்ணன் மூச்சு விடுகிற இடம் அவருக்குப் பிடிபடவில்லை. கீறினால் அடுத்த பிளேட்டு உண்டு, கீறாவிட்டால் இல்லை. கடைசியில் ஆணியை வாங்கிக்கொண்டு தரையில் துண்டை விரித்து உட்கார்ந்தார். அடுத்தவர் கீறினால் அழுத்திப் பிளேட்டையே உடைத்துவிடுவார்களாம். நடுவிலிருந்து ஓரம்வரை, ஒவ்வொன்றாக, நிதானமாகக் கீறினார். ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். முள் ஒரே இடத்தில் டக் டக்கென்று துள்ளியது. அண்ணன் ஆணியைக் கீழே வைக்கவில்லை.

“நல்லாக் கேட்டுப் பாரப்பு, எங்கயாச்சும் மிச்சம் மீதி இருக்கா?”

சென்னை போய் வந்தது

அண்ணன் கணக்குத் தப்பவில்லை. தை பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கியதும் பிளேட்டு மளமளவென்று போனது. கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். கிளாரினெட்டைத் துடைத்து, சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு, செட்டோடு ரயில் ஏறினார்.

அங்கே நடந்ததைத் திரும்பி வந்த டிரம்பெட்காரர்தான் சொன்னார். ஒரு பக்கம் என்றால் மூன்று நிமிஷத்துக்குமேல் விடாமல் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பாதியில் இருமல் வந்து முறித்திருக்கிறது. கடைசித் தடவை கைக்குட்டையில் ரத்தம். கம்பெனிக்காரர் நல்ல மனுஷன், தானே சோடா வாங்கிக் கொடுத்து, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம்:

“முதல் பக்கம் மாதிரி வாசிக்க இங்கயே ஆள் இருக்காங்க. அந்த ரெண்டாம் பக்கத்துக்காகத்தான் உங்களைத் திரும்பக் கூப்பிட்டேன்.”

கன்னிவாடிக்காரர்

அதற்கப்புறம் அண்ணன் டீக்கடையில் உட்காரவில்லை, எங்கள் கடைக்குள்ளேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். பேச்சு குறைந்துவிட்டது. ஒருநாள் காலையில் கன்னிவாடியிலிருந்து நிலம் வைத்திருந்த ஒரு சம்சாரி தேடிக்கொண்டு வந்தார். வயது வந்த மகன் கிணற்றில் விழுந்து இறந்துவிட்டான். தன் பெண்டாட்டி சாவில் அண்ணன் வாசித்த அதே மெட்டை மகனுக்கும் வாசிக்க வேண்டும் என்று கேட்டார். நெஞ்சைத் தொட்டுக் காட்டித் தலையசைத்தார் அண்ணன். அப்படியானால் பிளேட்டையாவது கொடுங்கள், மைக் செட்டில் போட்டுக்கொள்கிறோம் என்றார் சம்சாரி.

தெரிந்துகொண்டேதான் நான் அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தேன். எல்லாம் டக் டக். சம்சாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை, பெட்டி ரிப்பேரா என்று கேட்டார். அண்ணன் பொறுக்க மாட்டாமல் எழுந்து, உறையிலிருந்து கிளாரினெட்டை எடுத்து உதட்டில் வைத்தார். முதல் வரி வந்தது. கடைக்கு வெளியே போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்றார்கள். இரண்டாவது வரிக்குக் காற்று மட்டும்தான் வந்தது. சம்சாரி ஓடிவந்து அவரைத் தாங்கி ஸ்டூலில் உட்கார வைத்தார். பிளேட்டையும் பார்த்தார், அண்ணனையும் பார்த்தார்.

“பிளேட்டு இருக்கு, அதுல பாட்டில்லை. ஆளு இருக்காக, அவுகளுக்கு மூச்சில்லை. அங்க எம் மகன் கிடக்கான், நான் என்னத்தைக் கொண்டுக்கிட்டுப் போக?”

கவுண்டர்க்கார நண்பர்களே, ‘ரொம்ப நன்றாயிருக்கிறது’ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வாடிக்கையாளர் வெறுங்கையோடு படியிறங்கினால், கடையில் இருப்பதிலேயே நல்ல சரக்கு அதுதான் என்று தெரிந்துகொண்டு, முதலாளி ஆணி தேடுவதற்குள் எங்கேயாவது ஒளித்து வையுங்கள்.