கோல அச்சில் வாட்டர் கலர்

அத்தான் இறந்து ஓராண்டு ஆகியும் அக்கா அவர் போட்டோ ஒன்றைக்கூட வெளியே எடுக்கவில்லை. சுவரில் இருந்ததையும் கழற்றி, எல்லாவற்றையும் கவரில் போட்டுப் பீரோவில் பூட்டிவிட்டாள். கேட்டால், "என்னால பாக்க முடியாது, விடுங்க" என்பாள். அழுதாலாவது பரவாயில்லை, அவள் அழவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவள் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். அந்தப் பிள்ளை சென்னையிலிருந்து எனக்குப் போன் செய்தாள்.

"சித்தி, கல்யாணத்தன்னிக்கு அப்பாவும் மண்டபத்துல இருக்கணும். அவங்க போட்டோவ ஒட்டி, சுத்தி அலங்காரம் பண்ணி ஒரு ஸ்கிராப்புக் செய்வோமா? அம்மாட்ட கேக்க எனக்குப் பயமா இருக்கு."

எனக்கு மட்டும் பயம் இல்லையா? அக்கா ஒரு முறை முறைத்தால் இந்த வயதிலும் எனக்குச் சோறு இறங்காது. யோசித்து ஒரு குறுக்கு வழி பிடித்தேன். போட்டோவைக் கேட்கவே கூடாது. பக்கங்களுக்குப் பின்னணி மட்டும் செய்து, போட்டோ ஒட்டும் இடத்தைக் காலியாக விட்டு அவள் முன்னால் வைத்துவிட வேண்டும். காலி இடத்தைப் பார்த்தால் நிரப்பத் தோன்றாதா?

ஸ்டென்சில் வைத்து வாட்டர் கலர் அடித்தால் பின்னணி அழகாக வரும் என்று வீடியோவில் பார்த்தேன். ஸ்டென்சிலுக்காகக் கடைக்கு ஓடவில்லை. "இனி எனக்கெதுக்கு" என்று அக்கா என் தலையில் கட்டிய கோல அச்சுகள் வீட்டில் கிடந்தன. தாமரையும் மயிலும் வெட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். கெட்டித் தாளின் நடுவில் போட்டோ அளவுக்கு ஓர் அட்டையை வைத்து மறைத்து, மேலே தாமரை அச்சை வைத்தேன். என் கையோ கோலத்துக்குப் பழகிய கை. பொடியை அள்ளிப் போட்டால்தான் கோலம் முழுதாக விழும். அதே நினைப்பில் பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கி முக்கி, ஓட்டையெல்லாம் நிரம்பச் சிவப்பைப் பூசினேன். அச்சைத் தூக்கினால் தாமரையைக் காணோம். சாயம் அடியில் ஓடி, வெற்றிலை போட்டுத் துப்பிய சுவர்போல் இருந்தது. மயிலுக்கும் அதே கதி. தாள்களைச் சுருட்டி எறிந்தேன். அந்தக் கோபத்தில் வீட்டில் சாப்பாடும் தாமதம்.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. சல்லடைபோல் இருக்கும் காஸ் துணியைத் தண்ணீரில் போட்டு, அது எவ்வளவு சீக்கிரம் உறிஞ்சி மூழ்குகிறது என்று பார்க்க வேண்டும். மறுநாள் அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை! எனக்கு வேண்டியது பிரஷ் இல்லை, தண்ணீரைக் குடித்துக்கொள்ளும் துணி.

மிஞ்சிய துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தேன். ஒன்றை நன்றாக மடித்து, குழைத்த சாயத்தில் ஒற்றி, பழைய துணியில் இன்னொரு முறை ஒற்றினேன். ஈரம் போய்ச் சாயம் மட்டும் மிஞ்சியதும், தேய்க்காமல் அச்சின் மேல் நேராகத் தட்டினேன். தூக்கினால் தாமரை இதழ் இதழாக நின்றது! காஸ் துணியையே ஒற்றையாகத் தாளின் மேல் விரித்து அதன்மேல் சாயம் தட்டியபோது, அட்டை மறைத்த இடம் போகப் பக்கம் முழுக்க மெல்லிய வலை விழுந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த மிதப்பைக் கேட்கவே வேண்டாம்.

அடுத்த ஞாயிறு பக்கங்களோடு அக்கா வீட்டுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். அக்கா ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"ஏட்டி, இது எங்க வீட்டு அச்சுல்லா? இத வச்சா இம்புட்டும் செஞ்ச?"

மயிலின் கழுத்தை விரலால் தடவினாள். நடுவில் இருந்த வெள்ளைக் கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"இத ஏன் மொட்டையா விட்டுட்ட?"

நான் பையிலிருந்து பசை டப்பாவை எடுத்து வைத்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. முறைத்தாள்.

"பிள்ளைதான் கேட்டா, அக்கா. கல்யாணத்துல அப்பா இருக்கணுமாம்."

அக்கா எழுந்து உள்ளே போனாள். சண்டைதான் என்று நினைத்தேன். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

ஒரே ஒரு போட்டோவோடு வந்தாள். அத்தான் புதுச் சட்டையில் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார். தாமரைப் பக்கத்தில் அதை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"என்னத் தனியா விட்டுட்டுப் போயிட்டு, சிரிக்கதப் பாரு" என்றாள். அப்படியே முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ஓராண்டாக வராத அழுகை. நானும் அழுதேன், ஆனால் மனசுக்குள் நிம்மதியாக இருந்தது.

சிறிது நேரம் கழித்து, போட்டோவின் பின்னால் பசை தடவி ஒட்டினேன். நான் ஒட்டிய லட்சணம் அவளுக்குப் பிடிக்கவில்லை. என் கையைத் தட்டிவிட்டு, உள்ளங்கையால் மூலை மூலையாகத் தானே அழுத்தினாள்.

"இப்படி அழுத்தி ஒட்டணும், ஏட்டி. இனியும் அவிய எங்கயும் போயிறக் கூடாது."