பூக்கேட்டுச் செய்த பலூன் வைத்தியம்

எண்பதுகளின் கடைசியில் என் மனைவிக்கு இதய வால்வு சுருங்கிப்போயிருப்பதாகச் சொன்னார்கள். சிறுவயதில் வந்த மூட்டுவலிக் காய்ச்சலின் மிச்சமாம். குமாரபாளையத்தில் எங்கள் தறிகளுக்கு ஊடைநூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தவள், பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள்.

சென்னை மருத்துவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, நெஞ்சைக் கீறிச் செய்யும் பழைய ஆபரேஷன். இன்னொன்று, தொடை வழியாகக் குழாயை விட்டு, அதன் நுனியில் இருக்கும் பலூனை ஊதி வால்வைத் திறப்பது. அது அப்போதுதான் வந்திருந்தது. "ரத்தக்கட்டி நகர்ந்து மூளைக்குப் போக வாய்ப்பிருக்கு. ஆனா ரொம்ப அபூர்வம்" என்றார். அபூர்வம் மட்டும்தான் என் காதில் விழுந்தது. கத்தி என்றாலே எனக்குப் பயம்.

அவளுக்கோ பலூனில் நம்பிக்கை இல்லை. "பழகுன ஆபரேசனே பண்ணிக்கறனுங்க. இல்லீனா அம்மன் கோயல்ல பூக்கேட்டுப் பாக்கலாமுங்க. வெள்ளப்பூ வந்தா பலூனு, செவப்பு வந்தா ஆபரேசனு" என்றாள்.

வெள்ளைக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று என்று அம்மன் காலடியில் வைக்கும் பொட்டலங்களை மடித்தவன் நான். இரண்டிலும் வெள்ளை அரளியையே வைத்தேன். அம்மன் காலடியிலிருந்து ஒரு சிறுமி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். என் மனைவி பிரித்துப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்னொன்றை மடியில் முடிந்துகொண்டு வந்து காவிரியில் போட்டேன்.

வால்வு நன்றாகத் திறந்துவிட்டது என்று மருத்துவர் சிரித்த முகத்தோடு வந்து சொன்னார். அன்று மாலையே அவளுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் கோணிப் பேச்சு நின்றுபோனது. அந்த மனிதரைக் குறை சொல்ல முடியாது, முன்கூட்டியே சொன்னவர்.

ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் வந்து, "சாமி உத்தரவு, நாம என்னங்க பண்ண முடியும்?" என்றார்கள். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன். இப்போது நினைத்தாலும் என் முகத்தில் நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரு வருடம் கழித்துத்தான் வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஒரு நாள் மதியம் நான் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது, என் கையை இடது கையால் தள்ளிவிட்டுக் கேட்டாள்.

"நா... என்ன பாவம்... பண்ணுனனுங்க? ஆத்தா குடுத்த வாக்கே... எனக்குப் பொய்யாப் போச்சே."

"நீ ஒண்ணும் பண்ணல புள்ள. சோத்த உண்ணு" என்றேன். அடுத்த கவளத்தை உருட்டி நீட்டினேன்.

செய்யாத பாவத்தைத் தேடிக்கொண்டே இன்னும் மூன்று வருடம் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்.