மௌனச்சாமி வீட்டுக் கூரை

என் தொண்டையில் சின்னதாகக் கட்டி வந்திருப்பதாக டாக்டர் சொன்னார். அரசுப் பள்ளியில் டிரில் டீச்சராகவே காலம் தள்ளியவளுக்கு வேறு எங்கே வரும்? "கொஞ்ச காலம் வாயே திறக்கக் கூடாது. மறுபடி கத்தினீங்கன்னா ஆபரேஷன்தான்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் கவலையாக முகத்தை வைத்துக்கொள்ள மிகவும் கஷ்டப்பட்டாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. என் குரல் அப்படி. நான் போன் செய்தால் சொந்தக்காரர்கள் போனை எட்டப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார்கள். நான் குடியிருந்த அடுக்ககத்தைக் காலி செய்த அன்று கீழ்வீட்டுக்காரர் எல்லோருக்கும் பாதுஷா கொடுத்தார். மகனுக்கு வேலை கிடைத்ததற்காகவாம். நானும் ஒன்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

வந்து சேர்ந்தது கீழ்பென்னாத்தூர் போகும் வழியில், ஒரு சின்னக் குன்றின் சரிவில் இருந்த வீட்டுக்கு. வீடு என்று பத்திரத்தில் இருந்தது. நேரில் நான்கு மண்சுவர்கள்தான் நின்றன, கூரை என்றைக்கோ விழுந்துவிட்டிருந்தது. ஆனால் பின்வாசலில் நின்றால் அண்ணாமலை முழுசாகத் தெரியும். அதைப் பார்த்த மயக்கத்தில்தான் கையெழுத்துப் போட்டேன். என் சேமிப்பெல்லாம் அந்தச் சுவர்களுக்குள் போய்விட்டது.

சுவரைத் தட்டிப் பார்த்த மேஸ்திரி, "சொவுரு நல்லாத்தான் இருக்குதும்மா. ஆனா ஐப்பசி மழைக்குள்ள மேல ஓடு ஏறிடணும். இன்னொரு மழை நேரா வுழுந்துச்சுன்னா கரைஞ்சு பூடும்" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பக்கத்து மாட்டுக் கொட்டகைக்குத் தகரம் போட்டு அதில் குடியேறினேன். அமைதியான மனுஷியாக வாழப்போகிறோம் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

டிரில் டீச்சர் என்பதால் என்னிடம் வெள்ளைப் புடவைகள்தான் ஜாஸ்தி. மண் வேலைக்கு அதுவே போதும் என்று அவற்றையே கட்டிக்கொண்டேன். தலைக்குச் சாயம் போடுவதையும் விட்டிருந்தேன். வெள்ளைப் புடவை, வெள்ளை முடி, மூடிய வாய். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் திருவண்ணாமலையில் என்ன ஆகும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

முதலில் செங்கம் ரோட்டில் ஒரு ஆட்டோக்காரர் என்னை "மாதாஜி" என்றார். வெள்ளைக்காரர்களோடு பழகிய வாய், போகட்டும் என்று விட்டேன். பிறகு, கீழே இருக்கிற ஊரிலிருந்து ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி வந்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் காலடியில் வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நடந்து போனாள். மறுநாள் வேறு இரண்டு பேர் வந்தார்கள். நான் ஒரு சிலேட்டு வாங்கி, "நான் சாமியார் இல்லை" என்று எழுதிக் காட்டினேன். அந்த ஆட்டுக்காரப் பெண் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நெஜமான சாமிங்கதான் இப்பிடிச் சொல்லும்" என்றாள் பக்கத்திலிருந்தவளிடம்.

வாழைப்பழம் வந்ததே தவிர, ஓடு தூக்க ஆள் வரவில்லை. சரிவில் வண்டி ஏறாது. ஓடுகளைக் கீழேயிருந்து கையில்தான் தூக்கி வர வேண்டும். மேஸ்திரி ஊருக்குள் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். எல்லோரும் கும்பிட்டார்கள், ஒருவரும் வரவில்லை. காரணத்தை அவர்தான் விசாரித்து வந்து சொன்னார்.

"அந்தாண்டப் பக்கம் இதேமாரி ஒருத்தரு வந்தாராம். அவரும் வெள்ளத்துணி, அவரும் பேச மாட்டாராம். வூட்டக் கட்டி முடிச்சதும் கம்பி வேலி போட்டுட்டாரு. ஆடு மேல போற வழி பூடுச்சு. உங்க வூட்டுப் பின்னால போறதுதான் மிச்சமிருக்கற வழி. அதையும் மூடறதுக்கு நாமே ஓடு தூக்கிக் குடுக்கணுமான்னு கேக்கறாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. என் சமையலறைக்குப் பின்னால் ஆடுகள் போவதை நான் ஒரு நாளும் தடுத்ததில்லை. என் உள்பாவாடையைக் கொடியிலிருந்து இழுத்துத் தின்றபோதுகூடச் சும்மாதான் இருந்தேன். ஆனால் இதையெல்லாம் சிலேட்டில் எழுதினால் இன்னும் இரண்டு சீப்பு வாழைப்பழம் வரும். வானம் வேறு கறுக்க ஆரம்பித்திருந்தது.

ஓடு என்னவோ சுலபமாகக் கிடைத்தது. டவுனில் பழைய வீடுகளைப் பிரித்துச் சாமான் விற்கும் பாய் ஒருவர் விலை சொன்னார். நான் பேசாமல் அவர் முகத்தைப் பார்த்தேன். அவரே கொஞ்சம் கம்மி பண்ணினார். நான் அப்போதும் பேசவில்லை, இன்னும் கம்மி பண்ணினார். "இதுக்கு மேல அப்பிடிப் பாக்காதீங்கம்மா, எனக்குப் பயமா இருக்குது" என்று சொல்லி, டிராக்டரில் தானே அனுப்பிவைப்பதாகவும் ஒப்புக்கொண்டார். ஆயுள் முழுக்கக் கத்திக் கத்தி நான் காய்கறிக்குக்கூட இப்படிப் பேரம் பேசியதில்லை.

டிராக்டர் காலையில் வந்து சரிவின் அடியில் நின்றது. பின்னால் டிப்பர். டிரைவர் மணல் அடித்தே பழகியவர் போலிருக்கிறது. நான் மேலே சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே லிவரைப் பிடித்து இழுத்தார். என் கூரை முழுவதையும் சுமந்துகொண்டு டிப்பரின் மூக்கு மெல்ல மேலே எழும்பியது.

"டேய்! நிறுத்துடா!"

என் குரல்தான். விளையாட்டு மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும் அதே குரல். "அது என்ன மணலாடா? அறிவு கெட்ட கழுத, கைய எடுடா லிவர்லேர்ந்து! எறங்குடா கீழ! போய் வெயில்ல முட்டி போடுடா!"

டிப்பர் இறங்கியது. டிரைவரும் இறங்கினார். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன் மாதிரி இருந்த அந்த மனிதர், கையைக் கட்டிக்கொண்டு முட்டி போடுவதா வேண்டாமா என்று தரையைப் பார்த்தார். நான் இன்னும் திட்ட வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. குரல் போய்விட்டது.

அதற்குள் சத்தம் கேட்டுக் கீழே ஊரே திரண்டு நின்றது. "மௌனச்சாமி பேசிடுச்சு!" என்றார் ஒருவர். "சாமி திட்டுனா ஆசீர்வாதம்" என்றார் இன்னொருவர். ஆட்டுக்காரப் பெண் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"யோவ், முட்டி போடச் சொல்ற சாமிய எங்கனா பாத்திருக்கியா?"

அவள் விடுவிடுவென்று மேலே ஏறி என் எதிரில் வந்து நின்றாள். இந்த முறை கும்பிடவில்லை. "நீங்க யாரும்மா?" என்றாள். நான் சிலேட்டில் 'டிரில் டீச்சர். தொண்டை கெட்டுப்போச்சு' என்று எழுதினேன். அவள் சிரித்த சிரிப்பில் இரண்டு ஆடுகள் மிரண்டன. சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "இந்த வழிய மூடுவீங்களா?"

தலை கழன்று விழுகிற மாதிரி ஆட்டினேன். மாட்டேன், மாட்டேன்.

"நம்ம ஜாதி வாயிதான்டி! மூட மாட்டாங்களாம்! வாங்கடி!" என்று அவள் கீழே பார்த்துக் கத்தினாள். ஒரு டிரில் டீச்சராகச் சொல்கிறேன், அது நல்ல குரல்.

சரிவு நெடுக வரிசையாக நின்றார்கள். குரல் இல்லாததால் டிரங்குப் பெட்டியிலிருந்து என் விசிலை எடுத்துவந்தேன். இரண்டு சின்ன விசில் என்றால் ஓட்டை அடுத்த கைக்குக் கொடுக்க வேண்டும். ஒரு நீள விசில் என்றால் அவரவர் இருக்கும் இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். ஒரே முறை செய்துகாட்டினேன், பிடித்துக்கொண்டார்கள். டிரைவரும் வரிசையில் நின்றார்.

சுவர் மேலே மரச்சட்டமெல்லாம் மேஸ்திரியின் இரண்டு ஆட்கள் முன்பே அடித்து வைத்திருந்ததால், அவர்களே அடுத்தடுத்த நாட்களில் ஓடுகளை வேய்ந்து முடித்தார்கள். கடைசி வரிசை ஏறிய அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. குன்றில் இருந்தவர்கள் எல்லோரும் ஆடுகளோடு என் வீட்டுக்குள் ஓடிவந்தார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. சுவரைத் தொட்டுப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

யாரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில், மழையையும் மீறி, தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டத்தில் நான்தான் அமைதியான ஆள்.

மழை விட்டது. "சரி டீச்சரம்மா, போய் வரோம்" என்று ஆட்டுக்காரப் பெண் எழுந்தாள். மற்றவர்களும் எழுந்தார்கள். அவர்கள் போவது எனக்குப் பிடிக்கவில்லை. சிலேட்டைத் தேடினேன், அதை ஒரு ஆடு மிதித்து உடைத்திருந்தது.

விசிலை எடுத்து நீளமாக ஒரு முறை ஊதினேன். எல்லோரும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நான் டீ போடப் போனேன்.