அம்மா கேட்டு வாங்கிய கிட்டப்பார்வை

எங்கள் அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. பிறந்தது மடுகரை, வாழ வந்தது ஒதியம்பட்டு. அப்பாவோடு நெல்லும் கரும்பும் பயிரிட்டு எங்கள் மூவரையும் ஆளாக்கினார். அப்பா முந்திக்கொண்ட பிறகு நிலத்தையும் வீட்டையும் ஒற்றை ஆளாகக் கட்டிக் காத்தார். இதெல்லாம் உறவினர்களாகிய உங்களுக்குத் தெரிந்ததுதான். மூத்த மகளாகிய நான் உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். தெருவில் எதிரே வந்தும் பேசாமல் போனார், கல்யாண வீட்டில் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார் என்று கடைசிக் காலத்தில் அம்மாமேல் மனக்குறைப்பட்டவர்கள் உண்டு. என் காதுபடவே சொன்னார்கள். அம்மாவுக்குத் திமிர் இல்லை. உங்கள் முகம் அவருக்குத் தெரியவில்லை. அதுவும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டது.

எங்கள் கடைசித் தம்பியை வீட்டில் சின்னவன் என்றுதான் கூப்பிடுவோம். நாற்பதைத் தாண்டிவிட்டான். பிறவியிலேயே கைகால் அவன் பேச்சைக் கேட்காது, வாய்ப்பேச்சும் கிடையாது. அம்மா ஊட்டினால்தான் சாப்பாடு. அதிலும் மீன் இல்லாவிட்டால் இந்தத் துரை வாயை இறுக்கிக்கொள்வார். அம்மா முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து, சதையை விரலால் நசுக்கிப் பார்த்த பிறகுதான் ஊட்டுவார். வாயில் வந்த முள்ளைத் துப்பத் தெரியாத பிள்ளை. தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

திடீரென்று அந்த வீட்டில் மீன் நின்றுபோனது. கேட்டதற்கு மாரியம்மனுக்கு வேண்டுதல் என்றார் அம்மா. எங்கள் அத்தை அந்தப் பக்தியை மெச்சி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை மாதம் நீளும் வேண்டுதல் என்ன வேண்டுதல் என்று எனக்குச் சந்தேகம். ஒருநாள் நானே சங்கரா மீன் வாங்கிப் போய்க் குழம்பு வைத்தேன். வாசனைக்கே சின்னவன் தலையை ஆட்டிச் சிரித்தான். அம்மா தட்டை என் பக்கம் தள்ளினார்.

"நீயே முள்ளெடுத்து ஊட்டு பாப்பா. எனக்கு எல்லாம் பொகையா தெரியுது."

இத்தனை நாள் மறைத்திருக்கிறார், மகராசி. எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

புதுச்சேரியில் கண் டாக்டரிடம் அழைத்துப் போனோம். இரண்டு கண்ணிலும் புரை. சர்க்கரையால் விழித்திரையும் கொஞ்சம் கெட்டிருந்தது. அதனால் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்துத் தெரிகிற லென்ஸ் அம்மாவுக்கு ஒத்துவராது, ஏதாவது ஒன்றுக்குத்தான் வைக்க முடியும் என்றார் டாக்டர். வழக்கமாகத் தூரத்துக்கு வைப்பார்களாம், கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாமாம். பெரிய தம்பி உடனே சரி என்றான். ரோட்டில் லாரி வரும், வரப்பில் பாம்பு கிடக்கும், தூரம் தெரியாவிட்டால் எப்படி என்பது அவன் கவலை. எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. அம்மா மட்டும் மசியவில்லை. சின்னவனுக்கு ஊட்டும்போது யார் முகத்திலும் கண்ணாடி நிற்காது. அவன் கை தானாக வீசி அடிக்கும். அவனைத் தூக்கும்போது அப்பாவின் கண்ணாடிகள் எத்தனை அப்படி உடைந்தன என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை.

"எட்டக்க இருக்கறத பாக்க நீங்கள்லாம் இருக்கீங்க. அவன் மூஞ்சிய நான்தான பாக்கணும்?" என்று அம்மா தம்பியிடம் கேட்டார்.

எவ்வளவு கிட்டத்தில் தெரிய வேண்டும் என்றார் டாக்டர். அம்மா இடது உள்ளங்கையைத் தட்டுபோல ஏந்தி, வலது விரல்களால் முள்ளெடுப்பதுபோலச் செய்து காட்டினார். டாக்டர் சிரிக்கவில்லை. அந்தத் தூரத்தை அளந்து குறித்துக்கொண்டார். வெளியே போனால் கண்ணாடி கட்டாயம் என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்.

முதல் கண்ணில் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் அம்மா சின்னவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முகத்தை ஏந்திப் பார்த்தார்.

"இன்னாடா, ஒனக்கு நரைச்சிப் போச்சே," என்றார்.

அவன் தாடையைத் தடவித் தடவி அழுதார். கண்ணில் தண்ணீர் விடக்கூடாது என்று அதட்டிக்கொண்டே நானும் அழுதேன். இரண்டாவது கண்ணும் ஆன பிறகு மாரியம்மன் வேண்டுதல் முடிந்துவிட்டதாக அறிவித்து, அம்மாவே மத்தி மீன் வாங்கினார்.

தூரக் கண்ணாடி ஆணியில் தொங்கியபடியே கிடந்தது. அதை மறந்து தெருவுக்குப் போய்விடுவார், நீங்களும் கோபித்துக்கொண்டீர்கள். அம்மாவுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக என்ன சொன்னார் என்று பலர் கேட்டீர்கள். சாமி பெயர் எதையும் சொல்லவில்லை. நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் படுத்திருந்தார். சின்னவனுக்குச் சோறூட்ட வீட்டுக்குக் கிளம்பிய என் கையைப் பிடித்து, "கிட்டக்க ஒக்காந்து ஊட்டு," என்றார். அவ்வளவுதான்.

அம்மா சொன்னதைக் காது கொடுத்துக் கேட்ட கண் டாக்டருக்கும், கடைசி நாட்களில் பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கும், நாங்கள் மருத்துவமனையில் இருந்தபோது சின்னவனை விட்டு நகராத பக்கத்து வீட்டு அக்காவுக்கும், காரியத்துக்கு வந்து தோள் கொடுத்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சின்னவன் இப்போது மடுகரையில் என் வீட்டில் இருக்கிறான். முதலில் என் கையால் ஒரு வாய்கூட வாங்கவில்லை. அம்மாபோல முகத்துக்கு முகம் உட்கார்ந்த அன்று, என்னையே வெகுநேரம் பார்த்துவிட்டு வாயைத் திறந்தான். நினைவு நாளுக்கு வருகிறவர்கள் வாசலில் நின்று என்னிடம் அவன் நலம் விசாரிக்க வேண்டாம். உள்ளே வாருங்கள். அவன் பக்கத்தில் உட்காருங்கள். கண்ணாடியை மட்டும் கழற்றி வைத்துவிடுங்கள்.